ஐஸ் பெட்டி ஓடும்வரை

— ஐஸ் பெட்டி முனகுதே தவிர கிளம்ப மாட்டேங்குதும்மா. ம்ம்ம்னு ஒரு சத்தம், அப்புறம் டக்குன்னு தானே கட் ஆகுது. காலையில நான் கொண்டாந்து இறக்கினப்போ நல்லாத்தான் ஓடிச்சு.

— மோட்டாரைக் கிளப்பி விடற கெப்பாசிட்டரைப் பாத்தியா தம்பி?

— அதைத்தான் கழட்டப் போறேன். உங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம்...

— பெட்டிக்குள்ள படுத்திருக்கறவர் யாருன்னு கேக்காமலேயே வந்துட்டியா? காலமெல்லாம் மோட்டாருக்குக் காயில் கட்டினவர். பக்கத்துல உக்காந்து கம்பி சுத்திக் குடுத்தது நான்.

— வைண்டர் ஐயாவா? மன்னிச்சுக்கங்கம்மா. இந்தப் பெட்டியை வாடகைக்கு விட ஆரம்பிச்சதுலேருந்து யார் என்னன்னு கேக்கறதையே விட்டுட்டேன். கேட்டா அன்னைக்கு எனக்குச் சோறு இறங்காது.

— அண்ணி, என்ன சொல்றாரு மெக்கானிக்கு? வெயில் ஏறிக்கிட்டே போகுது. பெட்டி ஓடலைன்னா அண்ணனை இன்னைக்கே எடுத்துடலாம்.

— எடுக்கக் கூடாது சின்னவரே. என் பையன் வந்து முகத்தைப் பாக்கணும்.

— பாக்கட்டும், வேணாங்கல. எப்போ வருவான்?

— கடல் தாண்டி வரணும். நாளைக்கு ஆகும்.

— நாளைக்கா? அதுவரைக்கும் அண்ணன் உடம்பு தாங்கணுமே அண்ணி.

— அதுக்குத்தானே பெட்டி. நீங்க கூடத்துல வந்தவங்களைக் கவனிங்க. இதை நாங்க பாத்துக்கறோம்.

— கெப்பாசிட்டர்தாம்மா. பாருங்க, வயிறு உப்பி வெடிச்சிருக்கு. கடையெல்லாம் இன்னைக்கு மூடிக் கிடக்கு. என்கிட்ட இருக்கற இன்னொரு பெட்டி வேற ஒரு வீட்டுல ஓடிக்கிட்டிருக்கு.

— சாதா மோட்டாரா இருந்தா கப்பியைக் கையால ஒரு சுத்து சுத்தி விட்டுடலாம். எந்தப் பக்கம் தள்ளறோமோ அந்தப் பக்கம் ஓடிடும்.

— இது சீல் வெச்ச கம்ப்ரசர்மா. கை நுழைய இடமில்லை. கூடத்து ஃபேன்ல ஒரு கெப்பாசிட்டர் இருக்குமே?

— அது சுண்டு விரல் தண்டி. ஃபேனை ஓட்டத்தான் லாயக்கு, இதைக் கிளப்பாது.

— அடுப்படியில புகை இழுக்கற ஃபேன்?

— அது ஷேடட் போல். காந்தத்து ஓரமா ஒரு செப்பு வளையம், அவ்வளவுதான். கெப்பாசிட்டரே கிடையாது. நோஞ்சான் மோட்டார், விரலை வெச்சா நின்னுடும்.

— பின்னாடி பட்டறையில நிறைய கிடக்கே?

— அத்தனையும் த்ரீ ஃபேஸ். மூணு லைனும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வர்றதால தானாவே கிளம்பிடும். ஓரமா கிடக்கற பெரிசு ஸ்லிப் ரிங், கிரேனுக்கு உள்ளது. பாரத்தைத் தூக்கிக்கிட்டே கிளம்பணும்ல, அதுக்காக வெளியில ரெசிஸ்டன்ஸ் கட்டி ஓட்டுவாங்க. அதுல எதுவும் நமக்கு ஆகாது.

— அப்போ வழியே இல்லையாம்மா?

— இருக்கு. தொட்டிக்குத் தண்ணி ஏத்தற மோட்டார். சிங்கிள் ஃபேஸ், கெப்பாசிட்டர் வெச்சுக் கிளம்பறது. பெட்டியில இருந்த அளவுக்குக் கிட்டத்தட்ட ஒத்து வரும்.

— அதுல கைவெச்சா வீட்டுக்குத் தண்ணி ஏறாதே. இவ்வளவு ஜனம் வந்திருக்கு.

— பக்கத்து வீட்டுல குடத்துல வாங்கிக்கலாம். வா, சந்துலதான் இருக்கு.

— பையனும் இதே தொழில்தானாம்மா?

— இதே தொழில்தான். அவர் காயில் கட்டின மோட்டாரை மர மில்லுல மாட்டப் போனான். ரெண்டு வயர் மாறிப் போச்சு.

— த்ரீ ஃபேஸ்ல ரெண்டு வயர் மாறினா பின்பக்கமால்ல சுத்தும்.

— சுத்திச்சு. பெல்ட்டு மாட்டறதுக்கு முந்தி வெறும் மோட்டாரை ஓட்டித் திசை பாக்கணும். கரண்டு எப்போ போகுமோன்னு அவசரத்துல அதை விட்டுட்டான். ரம்பம் திருப்பிச் சுத்தி, மறுபக்கம் நின்ன ஆளு மேல கட்டையை வீசிடுச்சு. அந்தாளுக்கு ஒரு கால் போச்சு.

— ஐயா என்ன சொன்னாரு?

— வயரை மாத்திப் போட்டா மோட்டார் திரும்பிடும், அவன் கால் திரும்பி வருமான்னு கேட்டாரு. இனிமே என் வாசல்ல நிக்காதேன்னுட்டாரு. அன்னைக்குப் போனவன்தான். நியாயம் அவர் பக்கம்னு எனக்கும் தெரியும் தம்பி. ஆனா பெத்தவ நான், எனக்கு அந்த நியாயம் போதலை.

— இருந்தாலும் அப்பான்னதும் கிளம்பி வர்றாரே, அதைச் சொல்லுங்க.

— கெப்பாசிட்டரோட ரெண்டு முனையையும் ஷார்ட் பண்ணிட்டுத் தொடு. அதுல கரண்டு தங்கி நிக்கும்.

— ஆச்சும்மா, பண்ணிட்டேன். வாங்க உள்ள போவோம். நான் இதை இறுக்கி மாட்டிடறேன், நீங்க சுவிட்சுகிட்ட நில்லுங்க.

— போடட்டுமா?

— போடுங்க... ஓடுதும்மா.

— ஓடுது. முனகல் இல்லை, சத்தம் சுத்தமா இருக்கு.

— கண்ணாடியில பனி பூக்க ஆரம்பிச்சிடும் பாருங்க. ரெண்டு நாளைக்குக் கவலை இல்லை.

— அண்ணி, ஓடிடுச்சாமே. நல்லதாப் போச்சு. நாளைக்கு அவனைக் கூட்டிக்கிட்டு வர யாரை அனுப்பட்டும்? எத்தனை மணிக்கு வந்து இறங்கறான்?

— சொல்றேன் சின்னவரே. நீங்க முன்னால போங்க.

— என்னம்மா, இன்னும் சுவிட்சுகிட்டயே நிக்கறீங்க? இப்படி உக்காருங்க. அதான் ஓடிடுச்சே.

— உன் போன்ல வெளிநாட்டுக்குப் பேச முடியுமா?

— முடியும்மா. எதுவரைக்கும் வந்துட்டாருன்னு கேக்கவா?

— நான் செத்தாலும் அவனுக்குச் சொல்லக் கூடாதுன்னு இவர் என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. பெட்டி ஓடினா மீறிடறது, ஓடலைன்னா அவர் சொன்னபடியே விட்டுடறதுன்னு மனசுக்குள்ள வெச்சிருந்தேன். நம்பர் எனக்கு மனப்பாடம். போட்டுக் குடு தம்பி, அப்பா போயிட்டாருன்னே அவனுக்கு இன்னும் தெரியாது.