தொடாத காப்பி

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மறைந்த பேராசிரியர் வஜீஹாவின் கணவர் ஹாபிஸ் அவர்களே, கரக் நகரத்துப் பெரியோர்களே, வஜீஹாவிடம் படித்த பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நிதானமாகப் பேசு என்று சொல்லித்தான் என்னை மேடையேற்றினார்கள். எப்படி நிதானமாகப் பேசுவது? இரண்டு நாளாக என்னால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வஜீஹா இருந்திருந்தால், "நிதால், முதல்ல உக்காருய்யா, உன்னப் பாத்தாலே எனக்குச் சண்டை போடத் தோணுது" என்றிருப்பார்.

அவர் என்ன நடத்தினார்? அமைதியும் பிணக்கும் என்ற பாடம். அதுவும் முதன்மைப் பாடம் இல்லை, துணைப்பாடம். பொறியியல் படிப்பவனும் கணக்கியல் படிப்பவளும் பக்கத்தில் வைத்துக்கொள்வது. அதைத்தான் கேலி செய்தார்கள். முதல்வர் அவர்களே, நீங்களும் ஒருமுறை கேட்டீர்கள்: "இவ்வளவு பெரிய விஷயம்னா ஏன்மா முழுப் பட்டமா வைக்கல?" அவர் என்ன சொன்னார், நினைவிருக்கிறதா?

"சண்டை போடுறவன் எவனும் அதுக்குன்னு பட்டம் வாங்கிட்டு வரல சார். பொழப்பப் பாத்துக்கிட்டே பக்கத்துல வச்சு அடிக்கிறான். சமாதானமும் அப்படியே பக்கத்துல இருக்கட்டும்."

அந்த வசந்த காலத்தை யார் மறப்பார்கள்? நம் உணவகத்தில் இரண்டு பையன்கள் மோதிக்கொண்டார்கள். மாலைக்குள் இரண்டு குடும்பங்களும் தடியோடு நம் வாசலில் நின்றன. அடிபட்டவன் லைத். அவன் தகப்பனார் அபூ சக்ர் பழிவாங்காமல் விடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கல்லூரியோ கதவைப் பூட்டிக்கொண்டது. வஜீஹா என்ன செய்தார்? தன் வகுப்பைக் கூட்டிக்கொண்டு அபூ சக்ர் வீட்டுக்கே போனார். அவரோடு வேலை பார்த்த நானும் போனேன்.

அவருடைய முதல் வகுப்பில் ஒரே பாடம்தான்: சமாதானம் கேட்டுப் போன வீட்டில், கேட்டது கிடைக்கும்வரை காப்பியைத் தொடாதே. தொட்டால் வந்த காரியம் முடிந்ததென்று அர்த்தம். அதைத்தான் புவியியல் துறை யஸன் மறந்தான். வெயிலில் வந்த தாகம். காப்பி வந்ததும் ஒரே மடக்கு.

அபூ சக்ர் சிரித்தார். "தம்பி குடிச்சிட்டாரு. வந்த வேலை முடிஞ்சுது, கிளம்புங்க."

யஸனுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் எழுந்தேவிட்டேன். வஜீஹா எழவில்லை. தன் கோப்பையைக் காட்டினார்.

"அவன் பரீட்சையில பெயிலு. அடுத்த தடவை பாஸாவான். என் கோப்பை இன்னும் கீழதாங்க இருக்கு."

காப்பி ஆறியது. மாற்றி ஊற்றினார்கள். அதுவும் ஆறியது. அவர் கேட்டதெல்லாம், பழி வேண்டாம், இரண்டு பையன்களும் வகுப்புக்கு வரட்டும் என்பதுதான். வெளியே ஆட்கள் கூடிக்கொண்டே இருந்தார்கள். அவர் அபூ சக்ரிடம் லைத் சின்ன வயதில் எப்படி இருந்தான் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பொழுது சாயும்போது அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "குடிங்க டீச்சரம்மா. நீங்க கேட்டது கேட்டபடி."

நம் ஊரில் அன்று ஒரு பிணம் விழாமல் போனது. அது எந்தத் தேர்வில் மதிப்பெண்ணாக வரும்? எந்த வேலைவாய்ப்புக் கணக்கில் ஏறும்?

அந்தத் துணைப்பாடத்தைத்தான் அடுத்த பருவத்தோடு நிறுத்துகிறார்கள். சேர ஆள் குறைவாம், வேலை கிடைக்காதாம். மருத்துவமனைப் படுக்கையில் அவர் என்னிடம் கேட்டது தன் உடம்பைப் பற்றி அல்ல. "முதல்வர்கிட்டப் பேசினியா?" என்பதுதான். பேசவில்லை என்று சொல்ல மனம் வராமல், பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். இதோ, இப்போது பேசுகிறேன்.

முதல்வர் அவர்களே, இந்தக் கூட்டத்தை நடத்துவது கல்லூரி. ஆகவே வீட்டுக்காரர் நீங்கள்தான். வந்தவுடன் எனக்கும் கசப்புக் காப்பி கொடுத்தீர்கள். இழவுக் காப்பியை மறுக்கக் கூடாது. அது எனக்கும் தெரியும். ஹாபிஸ் அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். என் கோப்பையை உங்கள் முன்னால் இந்த மேசையில் வைக்கிறேன். அவர் வகுப்பு தொடரும் என்று நீங்கள் சொல்லும்வரை குடிக்க மாட்டேன். சொன்னால், சம்பளமில்லாமலும் அதை நான் நடத்துவேன். இது அவருக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், தயவுசெய்து எதிரே பாருங்கள். முன்வரிசையில் வேலையிலிருந்து நேரே வந்து உட்கார்ந்திருக்கிறான் யஸன். அன்று ஒரே மடக்கில் குடித்தவன்.

அவன் கோப்பையும் கீழேதான் இருக்கிறது.