கவருக்குப் போட்ட பூஜை

“ஊர்ல எல்லாரும் புது காருக்குப் பூஜை போடுவாங்க. நாமதான் கார் மேல போத்துன கவருக்குப் போட்டோம்.”

ஆவடியில் ரயில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த பெண் தன் கணவரிடம் சொன்னது இது. அவர் போனில் ஏதோ கார் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் கணவரின் அம்மா, முட்டியில் பெல்ட்டோடு.

“சந்தனம் காஞ்சா பெயிண்ட்ல கறை நிக்கும். அதான் ஐயரை கவர் மேலயே வெக்கச் சொன்னேன்.”

“சரி, கவரை எப்பதான்யா கழட்டுவ?”

“பெயிண்ட் மேல ஃபிலிம் ஒட்டுனா கல்லு தெறிச்சாலும் கீறல் வுழாது. செராமிக் பூசுனா சேறு ஒட்டாது, பளபளன்னு இருக்கும். எதுன்னு முடிவு பண்ணாம பாரிவாக்கம் ரோட்ல எப்படி எறக்குறது?”

“அத்தைக்கு முட்டி போச்சுன்னுதான வண்டியே வாங்குன? அதே ரோட்ல இப்ப ஷேர் ஆட்டோல அவங்கள குலுக்கினு வந்தியே, அவங்களுக்கு இன்னா பூசப் போற?”

அவர் அடுத்த வீடியோவுக்குத் தள்ளினார்.

கொரட்டூர் வந்தபோது நல்ல மழை. கணவர் இறங்குவதற்காக வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

“நல்லவேளை, வண்டிய எடுத்துனு வரல.”

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா கம்பியைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

“அந்தக் கவரு மழைக்குத் தாங்குமாடா?”

“ஒரு சொட்டு உள்ள போவாதும்மா.”

“அப்ப எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு.”