சொன்ன காமாலை

பாலிடெக்னிக் முடித்து பனியன் கம்பெனியில் சேர்ந்த புதிதில், அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் காலை பஸ்ஸில் கேட்டது இது. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

“எம்பட புள்ளைக்கு நெசமாவே காமாலை வந்திருந்தாத் தேவலைங்க.”

“ஏனுங்க அப்படிச் சொல்றீங்க?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“மனசுக்குத்தானுங்க கோயமுத்தூர்ல வைத்தியம் பாக்கறோம். பைத்தியம்னு பேராகிட்டா யாருங்க பொண்ணு கேட்டு வருவாங்க? அதனால அவ கம்பெனியில காமாலைன்னு லீவு சொல்லிட்டேன்.”

“செரி.”

“கூட வேலை செய்யற புள்ளைங்க கீழாநெல்லியோட வந்துட்டாங்க. பச்சிலை குடிக்கறப்ப இங்கிலீஷ் மாத்திரை ஆகாதுன்னு நாத்தனாரும் வந்து ஊட்டுலயே தங்கிட்டா. மாத்திரையை அரிசி அண்டாவுல ஒளிச்சு வெச்சுட்டேனுங்க.”

“மாத்திரை நின்னு எத்தனை நாளாச்சு?”

“பத்து நாளு. எந்திரிச்சு தலை வாரிட்டு இருந்த புள்ளை, மறுபடியும் செவுத்தைப் பாத்துப் படுத்துட்டா.”

“காமாலை எறங்கிருச்சுன்னு இன்னைக்கே சொல்லிப்போடுங்க.”

“அப்பறம் மாத்திரை எதுக்குன்னு நாத்தனா கேப்பாளே.”

“கேக்கட்டுமுங்க. அவ கேட்டு முடிக்கறதுக்குள்ள புள்ளை ஒண்ணை முழுங்கியிருக்கும்.”

ஜன்னலோரம் இருந்தவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினார். சாலையைக் கடந்து, அவிநாசிக்குத் திரும்பும் பஸ் வரும் பக்கம் போய் நின்றார்.