சுமத்ரா அசைந்தால் மணப்பெண்ணா பொறுப்பு?

“கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கற சுமத்ரா என் கல்யாணத்தக் கெடுக்கப் பாத்துச்சுக்கா.”

அலோர் ஸ்டார் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையிலிருந்த இளம்பெண் சொன்னாள். பக்கத்திலிருந்த மூத்தவள் கச்சாங் கடலை கொறிப்பதை நிறுத்தினாள்.

“என்னடி சொல்ற?”

“பரிசம் போடறப்ப எங்க வீட்டுக் குத்துவிளக்கு ஆடிச்சுல்ல. பொண்ணு ராசி சரியில்லன்னு மாப்பிள்ளையோட அம்மா எழுந்து போயிட்டாங்க. மறுநாள் சுமத்ராவுல நிலநடுக்கம்னு ரேடியோவுல சொன்னான். நேரா மெர்கோங்குல இருக்கற அவங்க வீட்டுக்கே போயிட்டேன்.”

“நீயேவா?”

“ஆமா. ‘அத்தை, அங்க கடலுக்கடியில ஒரு பெரிய பாறைத் தட்டு இன்னொண்ணுக்குக் கீழ நுழைஞ்சுக்கிட்டே இருக்கு. நடுவுல சிக்கிக்கும். இறுகி இறுகி ஒருநாள் படார்னு விடும். அந்த ஆட்டந்தான் இங்க வந்துச்சு’ன்னேன்.”

“நம்பினாங்களா?”

“எங்க! ரொம்பப் படிச்சிட்டேனாம். அப்ப அவங்க பக்கத்து வீட்டு அக்கா, ‘அன்னிக்கு இந்த வரிசையே ஆடிச்சே, உங்க வீட்டுப் பாத்திரம் உருண்டது எங்களுக்கே கேட்டுச்சு’ன்னாங்க. ‘அப்ப மாப்பிள்ளைக்கும் ராசி சரியில்லையா அத்தை?’ன்னேன்.”

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள்.

“அந்தத் தட்டு உள்ள போறதாலதான் பாறை உருகி எரிமலையும் வருதுக்கா.”

“உனக்குத்தான் எரிமலையே மாமியாரா வருதே!”

“வரட்டும்லா. காப்பி குடுத்து, தை மாசம் கல்யாணம்னு அவங்களே சொல்லிட்டாங்க.”

“மாப்பிள்ளை?”

“மறுபடியும் ஆடுமான்னு கேட்டாரு. கண்டிப்பா ஆடும், என் கையப் பிடிச்சுக்கோங்கன்னேன்.”