மீராசாவின் கட்டிலில் கிடந்தவர்

பெயர்: அகமதுலெவ்வை ஜெமீலா. வயது முப்பத்தெட்டு. தொழில்: வீட்டுத் தறி நெசவு. வதிவிடம்: மருதமுனை, கடற்கரைப் பக்கம். 1957ஆம் ஆண்டு ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை பொலிசார் கேட்டபோது சொன்னதாவது:

மீராசா என்பவர் எனது கணவர். இறந்துபோன றஸாக் எனது கூடப்பிறந்த ஒரே தம்பி. ஆஸ்பத்திரிக் கடதாசியில் ஆள் மாற்றி எழுதியிருப்பதனால் நானாகவே இங்கு வந்தேன். யாரும் என்னைக் கூப்பிட்டு வரவில்லை.

எனது கணவருக்குச் சலரோகம், சீனி வருத்தம். பாண்டிருப்பைச் சேர்ந்த இன்சூரன்ஸ் ஏஜண்ட் பூபாலசிங்கம் அவருக்கு ஏற்கனவே ஆயுள் இன்சூரன்ஸ் செய்து கொடுத்திருந்தார். ஆள் செத்தால்தான் அதில் காசு வரும், உயிரோடு ஆஸ்பத்திரியில் கிடந்தால் தறி நின்றுபோகுமே, வீட்டார் எதைத் தின்பது என்று நான் அந்த ஏஜண்டோடு சண்டை பிடித்தேன். அதன் பின் அவர் மேலதிகமாக இன்னொரு பகுதியைச் சேர்த்துக் கொடுத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற ஒவ்வொரு நாளுக்கும் கம்பனி காசு தரும் என்றார். கட்டில் ஒரு நாள் வெறுமையாகக் கிடந்தாலும் எல்லாம் முறிந்துவிடும் என்று நாங்கள் விளங்கிக்கொண்டோம். அவரிடம் திரும்பக் கேட்க வெட்கமாக இருந்தது.

அதன் பின் எனது கணவரின் காலில் வந்த புண் ஆறாமல், அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவர் அங்கே இருக்கும்போதே எங்கள் மகள் பரீனாவின் கலியாண நாள் வந்துவிட்டது. வாப்பா உயிரோடு இருக்க வேறொருவரா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பெண்ணைக் கொடுப்பது என்று அவர் அழுதார். டொக்டரிடம் கேட்டால் துண்டு வெட்டி ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார், காசும் நின்றுவிடும் என்று பயந்தோம். அப்போது றஸாக்தான், “ஏலாத ஆளுக்காக இன்னொராள் மக்கத்துக்குப் போய் பதல் ஹஜ்ஜு செய்யலாம். மச்சானுக்காக ஒரு பகல் கட்டில்ல கிடக்க ஏலாதா ராத்தா?” என்றான். அது எங்களுக்கு நியாயமாகவே பட்டது. “வேலைக்கள்ளனுக்கு ஏத்த வேலைதான், போய்க் கிட” என்று நான் சிரித்துக்கொண்டு சொன்னேன். நான் அவனோடு கடைசியாகக் கதைத்தது அதுதான்.

நேற்று வியாழக்கிழமை, விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பின் அவன் போய் என் கணவரின் கட்டிலில் தலையோடு போர்த்திக்கொண்டு படுத்தான். என் கணவரை மாட்டுக் கரத்தையில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

பின்னேரம் அஸர்த் தொழுகை கழிந்து கலியாணக் காவின் நடந்தது. என் கணவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளைத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கி, “மீராசாட வீடு இதா? ஆள் செத்துப்போனார், பிரேதத்த எடுக்க வாங்க” என்றார். பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “மீராசா இந்தா இரிக்காரு, மகளக் குடுக்காரு” என்று யாரோ சொன்னார். நானும் உள்ளே இருந்து சிரித்தேன். சிரித்து முடியுமுன் எனக்கு விளங்கிவிட்டது. என் கணவர் மாப்பிள்ளையின் கையை விடவில்லை. விட வேண்டும் என்பதும் தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். இரண்டு பேர் வந்து விரல்களைப் பிரித்தெடுத்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த வீரமுனைத் தங்கராசா என்பவர் ஆஸ்பத்திரியில் வைத்து என்னிடம் நடந்ததைச் சொன்னார். காலையில் நேர்ஸ் வந்து மீராசா என்று கூப்பிட, றஸாக் ஓம் என்று போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டியிருக்கிறான். அது சலரோகத்துக்கு என் கணவருக்கு ஒவ்வொரு நாளும் போடுகிற ஊசி. “நேர்ஸ் போனாப்புறகு, உனக்கென்னத்துக்குத் தம்பி ஊசி எண்டு கேட்டன். மச்சானுட காசு முறிஞ்சிரும், கதைக்காதீங்க எண்டான்” என்று சொல்லித் தங்கராசா அழுதார். நல்ல உடம்பில் அந்த ஊசி சீனியை இறக்கிவிடும், உடனே சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று டொக்டர் சொன்னார். எனது தம்பி வியாழக்கிழமைகளில் நோன்பு பிடிக்கிறவன். கொடுத்த கஞ்சியையும் தொடவில்லை, சோற்றையும் தொடவில்லை. தூங்குகிறான் என்று எல்லோரும் விட்டிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோதும் போர்வை வேர்வையில் நனைந்துதான் இருந்தது.

இன்று காலை பூபாலசிங்கம் வந்து எங்கள் முற்றத்தில் குந்திக்கொண்டு, “தங்கச்சி, டொக்டரிட்டச் சொல்லிட்டு வந்து போயிருந்தா அந்த ஒரு நாள் காசு மட்டுந்தான் இல்லாமப் போயிருக்கும். மற்றதொண்டும் முறியாது. என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கப்படாதா?” என்றார். எனக்கு முதலில் அவர்மேல் ஆத்திரம் வந்தது. பிறகு என்மேல் வந்தது, இன்னும் போகவில்லை.

ஆயுள் இன்சூரன்ஸ் காசை எடுப்பதற்காகத் தம்பியை அங்கே படுக்கவைத்தீர்களா என்று என்னிடம் கேட்கப்பட்டது. அதற்கு நான் சொன்ன வார்த்தையை எழுதத் தேவையில்லை என்று பொலிஸ் ஐயா சொல்லிவிட்டார். இல்லை என்பதே எனது மறுமொழி.

இறந்தவர் மீராசா என்று எழுதிய கடதாசியைக் காட்டினால் கம்பனி காசு தரும் என்பது எனக்கும் தெரியும். அந்தக் கடதாசி எனக்கு வேண்டாம். அதைத் திருத்தும்வரை தம்பியின் மையத்தை, அவனது பிரேதத்தை, தர ஏலாது என்கிறார்கள். றஸாக்குக்குப் பெண்சாதி பிள்ளைகள் இல்லை. ஒரு பகல் மட்டுந்தான் அவன் மச்சானுடைய பேரில் கிடக்கச் சம்மதித்தான். கபுறுக் குழிக்காவது அவனை அவனுடைய பேரில் கொண்டுபோக விடுங்கள்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை.

(அறபுத் தமிழில் ஒப்பம்)
அ. ஜெமீலா