கிண்ணத்தோடு வந்த உத்தரவு

நாலு மணிக்குக் கதவு திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும், ஐயா. பொதுக் குளியல் கூடத்தில் முதல் தண்ணீருக்கு இருக்கும் சூடும் சுத்தமும் ஐந்து மணிக்கு இருக்காது. ஒசாக்கா துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை சுமந்த பதினோரு வருஷமும் எனக்கு அதுதான் பழக்கம். கரி தோல் மடிப்பில் புகுந்துவிட்டால் ஆறிய தண்ணீருக்கு அசையாது.

சினிமாவும் அந்த நாளில்தான் பிடித்தது. மழை பெய்தால் கப்பலில் வேலை கிடையாது. ஒரே டிக்கெட்டில் மூன்று படம் ஓட்டும் கொட்டகையில் போய் உட்கார்ந்துவிடுவேன். மற்றவர்கள் தூங்க வருவார்கள். நான் பாடம் படித்தேன். பழைய காலத்துச் சாமுராய், இந்தக் காலத்துக் கூலிக்கொலைகாரன். உடைதான் வேறு, ஆள் ஒன்று. வெறும் அறை, ஒரு பாய், ஒரே எஜமான். ஏன் என்று கேட்க மாட்டான். முதுகில் குத்த மாட்டான். தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கத்தியை உருவுவான். கூலிக்காரனும் நிமிர்ந்து நிற்கலாம் என்று அதற்கு முன் எனக்கு யாரும் சொன்னதில்லை.

பிறகு இவாசே தலைவரின் கூட்டத்தில் சேர்ந்தேன். துறைமுகத்துக்கு ஆள் பிடித்து அனுப்புவது அவர் தொழில். நாலு வருஷம் அவர் கழற்றிவிட்ட செருப்பை வாசல் பார்க்கத் திருப்பி வைத்தேன், கார் கதவைத் திறந்தேன். போன மாதம் என்னை மட்டும் கூப்பிட்டார். கிண்ணத்தில் சாக்கே மது ஊற்றித் தன் கையால் கொடுத்தார். கூலிகளைச் சேர்த்துச் சங்கம் கட்டும் நிஷிவாகி இனி இருக்கக் கூடாது என்றார். குடித்தேன். அன்றே என் ரேடியோவையும் தலையணையையும் பக்கத்து அறைக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன்.

நிஷிவாகியை எனக்குத் தெரியும். ஒரே கப்பல் பலகையில் கூடையோடு ஏறி இறங்கியவர்கள் நாங்கள். ஒருமுறை நான் கடலில் விழுந்தபோது குதித்துத் தூக்கியவர் அவர்தான். அதை நான் மறைக்கவில்லை. நன்றிக்கும் கடமைக்கும் நடுவில் நிற்பவன் கடமையைத்தான் எடுக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நாலேகாலுக்குக் குளியல் கூடத்துக்குப் போனேன். துண்டுக்குள் இரண்டு கத்தி. ஒன்று அவருக்கு. அவர் முக்காலியில் உட்கார்ந்து தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"யாரு, கமேதாவா? நல்ல நேரத்துல வந்த. முதுகக் கொஞ்சம் தேய்ச்சு விடுடா."

முதுகைக் காட்டினார். நான் தொடவில்லை. இந்தப் பக்கம் திரும்புங்கள் என்றேன். என் பெயர், ஊர், யாருடைய ஆள், எல்லாம் சொன்னேன். ஒரு கத்தியை அவர் காலடியில் வைத்தேன். அவர் கண்ணில் சோப்பு நுரை இருந்தது. கழுவி முடிக்கும்வரை காத்திருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் சிரித்தார். "கொட்டகையிலேர்ந்து நேரா வர்றியா? இடுப்புல துணிகூட இல்லாதவன் கத்திய எங்கடா செருகுவான்?" பிறகு என் முகத்தைப் பார்த்தார். "டேய், உங்க தலைவரும் நானும் நேத்தே பேசி முடிச்சு ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுட்டமே. உனக்கு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க, அண்ணே" என்றேன்.

உண்மைதான். முந்தின நாள் தலைவரின் வலதுகை ஹயாமி என்னை உடான் கடையில் பிடித்தார். "தலைவரு வேணாம்னுட்டாரு. கத்தியத் தூக்கி வச்சுட்டு சூப்பக் குடி, ஆறுது" என்றார். வாய் நிறைய நூடுல்ஸ். கிண்ணத்தோடு வந்த உத்தரவு மென்றுகொண்டே சொன்ன வார்த்தையில் போய்விடுமா? அது தலைவரின் மனம் தளர்ந்த நேரத்துச் சொல். எஜமான் தடுமாறும்போது அவருடைய முதல் சொல்லைக் காப்பாற்றுபவன்தான் உண்மையான ஆள். ஹயாமி பேச்சைக் கேட்டிருந்தால் மறுநாள் காலை மறுபடி செருப்பைத் திருப்பி வைக்கப் போயிருப்பேன்.

மூன்று குத்து. எல்லாம் முன்பக்கம். முதுகிலும் இரண்டு இருப்பதாக டாக்டர் எழுதியிருக்கிறார் என்கிறீர்கள். அவர் கதவுப் பக்கம் ஓடினார், ஐயா. ஓடக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது என் குற்றமில்லை.

இப்போது ஒரு காகிதத்தை நீட்டுகிறீர்கள். கமேதா என்று எவனையும் தெரியாது என்று இவாசே தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதைப் பார்த்தால் உடைந்துவிடுவேன் என்று நினைத்தீர்கள். எந்த எஜமானும் கடைசியில் அப்படித்தான் சொல்வார். சொந்த ஆளைப் பற்றித்தான் சொல்வார்.