கேட்டது பதிவு மட்டும்

மனிதன் இதுவரை கற்றுக்கொண்ட கலைகளில் தலைசிறந்தது வாயை மூடிக்கொண்டிருப்பது. அந்தக் கலையில் நெப்ராஸ்கா மாநிலத்திலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, ஆபீசர். வரும் திங்கட்கிழமையிலிருந்து எங்கள் கம்பெனியில் புது டிரைவர்களுக்கு நான்தான் பயிற்சியாளர். சாலையோரச் சோதனையில் அதிகாரியிடம் நடந்துகொள்வது எப்படி என்பதுதான் பாடம்.

பாடம் சீக்கிரம் முடிந்துவிடும். வண்டி ஓடிய நேரமும் நின்ற நேரமும் இஞ்சினோடு இணைத்த இந்த டேப்லெட்டில் தானாகப் பதிவாகிவிடுகிறது. அதிகாரி ஒரு குறியீடு சொல்வார். அதை அடித்துப் பட்டனைத் தட்டினால் பதிவு அவருடைய கணினிக்குப் போய்விடும். "போச்சா சார்?" என்று கேட்க வேண்டும். "வந்துருச்சு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுகிறவன் முட்டாள். பின்னால் நான் ஏற்றி வந்திருப்பது உறைந்த வான்கோழிகள். அவையும் பேசுவதில்லை. எனக்குப் பிடித்த சரக்கு.

என் கூட்டாளி வெர்னன் குசெரா அந்த ரகம் இல்லை.

ஒரே வண்டிக்கு நாங்கள் இரண்டு டிரைவர்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் படுக்கையில் தூங்குவார். அவரவருக்குத் தனிப் பெயர், தனிப் பதிவு. வெர்னனுக்கு அறுபது தாண்டிவிட்டது. தங்கமான மனிதர். ஆனால் சீருடையைக் கண்டால் பாவமன்னிப்புக்கு மண்டியிட்டவர் மாதிரி ஆகிவிடுவார். போன மாதம் கியர்னி பக்கத்தில் ஒரு பெண் அதிகாரி எங்களை நிறுத்தினார். கேட்டது பதிவு மட்டும். வெர்னன் அனுப்பினார். அந்த அம்மாள் தன் திரையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

"அம்மா, ஒரு விஷயம்," என்றார் வெர்னன். "செவ்வாக்கிழமை அரை மணி நேரம் சொந்த வேலைன்னு போட்டிருக்கேன் பாருங்க, அது பொய். சரக்கு இறக்கப் போற வழியிலதான் பூட்ஸ் கடைக்குப் போனேன், அது வேலை நேரம்."

"நான் அதைக் கேக்கலையே."

"அப்புறம் சீட் பெல்ட்டு. நீங்க ஜன்னலத் தட்டுனப்புறம்தான் மாட்டுனேன்."

அந்த அம்மாள் இரண்டுக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார். வெர்னன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னார்.

"ஏன் பெருசு, உங்க வாய்க்கு பிரேக்கே கிடையாதா?" என்றேன்.

"திட்டினாக்கூடத் தாங்கிக்குவேன் காலேஜு. ஒண்ணும் பேசாம நிக்கறாங்க பாரு, அதுதான் முடியல." நான் காலேஜ் வாசலை மிதித்தவன் என்பதால் அவருக்கு நான் 'காலேஜு'.

"காத்தடிச்சாலே கக்கிடுவீங்க போல."

"சிரிடா, சிரி. உனக்கும் ஒருநாள் வரும்."

சிரித்தேன். டிரைவர்கள் கூடும் இடத்திலெல்லாம் அவரைப் போலவே கண்ணைத் துடைத்து நடித்துக் காட்டிக் கைதட்டலும் வாங்கினேன். பயிற்சியாளர் வேலை அப்படித்தான் கிடைத்தது.

இன்று காலை, அவர் மனைவி கட்டிக் கொடுத்திருந்த பிளம் பழம் வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டியைத் தின்றுகொண்டே வெர்னன் டேப்லெட்டைப் புரட்டினார்.

"போன வாரம் நான் தூங்கிட்டிருந்தப்ப என் பேர்ல ரெண்டு மணி நேரம் ஓட்டியிருக்க."

உண்மைதான். ஒருவர் பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. என் நேரம் தீர்ந்திருந்தது. அவருடையது சும்மா கிடந்தது. வீணாக்க மனம் வரவில்லை.

"யாராவது கேட்டா சொல்லிடுவேன்ப்பா," என்றார்.

"யாரும் கேக்க மாட்டாங்க."

"கேக்கலைன்னாலும் சொல்லிடுவேன்."

அவர் சொன்னால் திங்கட்கிழமைப் பயிற்சியாளர் வேலை போய்விடும். அதோடு உரிமமும் போகும். நிதானமாக யோசித்துப் பார்த்ததில், வெர்னனுக்கு ஓய்வு தேவை என்ற முடிவுக்கு வந்தேன்.

ராலின்ஸில் லாரிகள் நிற்கும் இடத்தில் அவர் குளிக்கப் போனார். உடுத்தியிருந்த துணிகளைக் கதவிடுக்கு வழியாக என்னிடம் நீட்டி, "துவைக்கற மெஷின்ல போட்டுட்டு, வண்டியிலேர்ந்து வேற துணி எடுத்துட்டு வா காலேஜு" என்றார். துணிகளை வண்டிக்குக் கொண்டுவந்தேன். இதோ, இந்த சீட்டில் இருப்பவைதான். கோட்டும் பூட்ஸும் போனும் முதலிலிருந்தே வண்டியில்தான் இருந்தன. பல்செட்டை நான் எடுக்கவில்லை. கொலாச்சி தின்று முடித்ததும் அவரே கழற்றித் தண்ணீர்க் கோப்பையில் போட்டு, அதோ அந்த டேஷ்போர்டில் வைத்திருந்தார். வண்டி கிளம்பியபோது அதுவும் கிளம்பியது.

வெளியே பனி கொட்டியது. ஆனால் அவர் வெந்நீரில் இருந்தார். துண்டும் அங்கே நல்ல கனமான துண்டு. பல் இல்லாமல் அவர் எதை ஒப்புக்கொண்டாலும் யாருக்கும் புரியாது என்பது எனக்குப் பிறகுதான் தோன்றியது. பிறகு என்றால், இஞ்சினை முடுக்குவதற்குச் சற்று முன்பு.

அதிலிருந்து அவர் பெயரில்தான் ஓட்டி வருகிறேன், என் நேரம் இன்றும் தீர்ந்துவிட்டதால். பதிவின்படி வண்டியை ஓட்டுவது வெர்னன். பின்னால் தூங்குவது நான். அந்த வகையில் பார்த்தால் அவரை நான் எங்கேயும் விட்டுவிட்டு வரவில்லை.

பிறகு நீங்கள் நிறுத்தினீர்கள். குறியீடு சொன்னீர்கள். அடித்தேன், தட்டினேன். "போச்சா சார்?" என்றேன். "வந்துருச்சு" என்றீர்கள். பாடம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் உங்கள் திரையைப் பார்த்தபடி, ஒன்றும் பேசாமல், அப்படியே நின்றீர்கள்.

இப்போது சொல்கிறீர்கள்: "உன் பதிவு இன்னும் தெறக்கவே இல்ல தம்பி. டிரெய்லர்ல பின்னாடி ஒரு லைட்டு எரியல. அதைச் சொல்லத்தான் நிறுத்துனேன்."

புரிகிறது, ஆபீசர். நான் வெர்னன் மாதிரி ஆள் இல்லை. இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

அப்புறம், சீட் பெல்ட். நீங்கள் ஜன்னலைத் தட்டிய பிறகுதான் மாட்டினேன்.